ஐந்தாம் பங்குத் தண்ணீர்

எனக்குப் பெருமை கொஞ்சம் அதிகம். வீட்டில் எல்லோரும் சொல்வார்கள், நானும் மறுப்பதில்லை. திண்டிவனத்தில் வீடு, விழுப்புரத்தில் ஆபீஸ், நடுவில் தினமும் பஸ். ஆபீஸிலிருந்து ஊர்களுக்கு ஸ்கூட்டி. மழை தப்பிப் போகிற இந்தக் காலத்தில் சிறு விவசாயிகள் தண்ணீருக்குத் தவிக்காமல் பயிர் வைக்க வழி செய்யும் ஒரு திட்டத்துக்கு நான் மேனேஜர். ஏரிக்கு வரும் வாய்க்கால்களைத் தூர் வாரியிருக்கிறோம், பண்ணைக் குட்டை வெட்டியிருக்கிறோம், நெல்லையே பிடித்துக்கொண்டிருந்தவர்களைக் கேப்பைக்கும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கும் மாற்றியிருக்கிறோம். எல்லாவற்றிலும் எனக்குப் பெருமைதான். ஆனால் எதில் அதிகம் என்று யாராவது கேட்டால், கெடார் பக்கத்தில் ஒரு மோட்டார் கொட்டகைச் சுவரில் நானே எழுத வைத்த போர்டை நானே சுண்ணாம்பு அடித்து அழித்தேனே, அதைத்தான் சொல்வேன்.

அது ஒரு பங்குக் கிணறு. ஐந்து குடும்பம், ஒரு கிணறு, ஒரு மோட்டார். ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஒரு ஏக்கர், முக்கால் ஏக்கர் என்று கிணற்றைச் சுற்றி நிலம். முதன்முதலாக நாங்கள் அங்கே போனபோது படிவத்தை நீட்டி, "ஒருத்தருக்கு எத்தனை மணி நேரம் தண்ணி?" என்று கேட்டோம். ஒருவர் ரெண்டு மணி என்றார், ஒருவர் மூணு என்றார், ஒருவர் ரெண்டரை என்றார். எழுதிக்கொண்டு வந்துவிட்டோம். அந்தக் கணக்கை வைத்து ஆபீஸில் உட்கார்ந்து நான் போட்ட திட்டம் இது: ஐந்து பேரும் மல்லாட்டை போடுவது, வாய்க்காலில் பாய்ச்சாமல் தெளிப்பான் வைப்பது, காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ஆளுக்கு ஒன்றேகால் மணி நேரம் தினமும் தண்ணீர். ஆறு முதல் ஏழே கால் வரை முதல் பங்கு. கடைசிப் பங்குக்குப் பதினொன்றிலிருந்து பன்னிரண்டே கால். காகிதத்தில் பார்த்தால் ஐந்து பேருக்கும் நூல் பிடித்த மாதிரி சமம்.

கொட்டகைச் சுவரில் நீல பெயிண்டில் அதை எழுத வைத்தேன். முதல் பங்குக்காரர் அறுபது வயதுக்காரர், எதைச் சொன்னாலும் அதில் ஒரு கிண்டலை வைத்துத்தான் சொல்வார். போர்டைப் படித்துவிட்டு, "நம்ம கிணத்துக்கு மேடம் வாட்ச்சு கட்டி வுட்டாங்கப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாராட்டுகிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

ஐந்தாவதாக இருந்தவர் ஒரு பெண். என்னைவிட ஒரு வயது மூத்தவர், அதனால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கணவர் நெஞ்சு வலியில் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. முக்கால் ஏக்கர் நிலம், பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண். இரண்டாம் பங்குக்காரர் இவருடைய கணவரின் அண்ணன். அவர் தன் தம்பியின் கிணற்றுப் பங்கையும் நிலத்தையும் தன்னிடம் விட்டுவிடச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருமுறை விட்டுக்கொடுத்த கிணற்றுப் பங்கு திரும்பி வந்ததாக அந்தப் பக்கத்தில் நான் கேள்விப்பட்டதே இல்லை. விதை போட்ட அன்று அக்கா என்னிடம் சொன்னார்: "இந்த ஒரு போகம் பாக்கறேன் மேடம். வெளஞ்சா நெலம். இல்லன்னா பங்க மாமாவாண்ட குடுத்துட்டு கம்பெனி வண்டி ஏறிட வேண்டிதான்." விடியற்காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிற வேன்களைத்தான் கம்பெனி வண்டி என்பார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அக்காவுக்கு அது வேண்டாம். மண்ணில் நின்றால்தான் அவருக்கு முகம் தெளியும்.

அவரை நான் ஏன் கடைசியில் போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டா இறந்துபோன கணவர் பெயரிலேயே இருந்தது, மாற்றவில்லை. மற்ற நான்கு பேரின் காகிதமும் வந்த பிறகு அவருடையது வந்தது. வந்த வரிசையில் எழுதினேன், அவ்வளவுதான். இதைவிட மட்டமான காரணம் இருக்க முடியாது.

தையில் விதைத்தார்கள். மாசி முழுக்க நன்றாகத்தான் போனது. மாதம் ஒருமுறை எங்கள் ஊழியர் போனில் ஒரு படிவத்தைத் திறந்து ஐந்து பேரிடமும் கேட்பார்: தண்ணீர் முறை நன்றாக இருக்கிறதா, இல்லையா? ஐந்து பேரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். பங்குனியிலும் அதேதான். அக்காவிடம் நானே ஒருமுறை போனில் கேட்டேன். "நல்லா போய்க்கினு இருக்குது மேடம்" என்றார். சென்னையில் இருக்கும் எங்கள் மேலதிகாரிக்குச் சந்தோஷம். திட்டத்துக்குப் பணம் கொடுப்பவர்கள் பார்க்க வருகிறார்கள், அந்தக் கிணற்றையே காட்டுவோம் என்றார். வெள்ளிக்கிழமை என்று முடிவானது. நான் ஐந்து வீட்டுக்கும் போன் போட்டுச் சொன்னேன். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் படவில்லை.

புதன்கிழமை அந்தப் பக்கம் வேறொரு ஊரில் வேலை. திரும்பும்போது சொல்லாமல் கொள்ளாமல் அங்கே ஸ்கூட்டியை விட்டேன். பதினொன்றே கால் இருக்கும். சாலையை ஒட்டி இருப்பது அக்காவின் நிலம்தான். பங்குனி வெயிலில் சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்க, சாலை ஓரத்தில் மல்லாட்டை பச்சைப் பசேல் என்று நின்றது. வண்டியை நிறுத்தி ஒரு படம் எடுத்து மேலதிகாரிக்கு அனுப்பினேன். இன்னொன்று உள்ளே இருந்து எடுக்கலாம் என்று வரப்பில் இறங்கினேன்.

மூன்றாவது வரிசையிலிருந்து செடி வேறாக இருந்தது. இலைகள் மடிந்து ஒட்டிக்கொண்டு, நிறம் வெளுத்து, காலில் பட்டால் சரசரத்தது. நடுவில் போகப் போக இன்னும் மோசம். பச்சையாக நின்றது சாலையோரத்து இரண்டு வரிசை மட்டும்தான். தெளிப்பான்கள் நின்றுகொண்டிருந்தன, ஆனால் ஒரு சொட்டு இல்லை. அக்காவின் நேரம், மோட்டார் ஓடும் சத்தமும் கேட்டது. அது தண்ணீர் இழுக்கும் சத்தம் இல்லை, காற்றை இழுக்கும் சத்தம்.

அப்போது அக்கா வந்தார். இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் குடம், கையில் இன்னொன்று. தெருக்குழாயில் பிடித்து வந்த தண்ணீர். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். சாலையோரத்து இரண்டு வரிசைக்கும் அவர் குடத்தில் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார். நான்கு நாளாக.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தது. "இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க? முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறீங்களா? நிலமே காஞ்சி கெடக்குது, நல்லா இருக்குதுன்னு போன்ல சொன்னீங்களே?"

அவர் குடத்தை இறக்கி வைத்தார். "வெள்ளிக்கெழம ஆளுங்க வராங்கன்னு சொன்னீங்க. ரோட்டாண்ட காஞ்சி கெடந்தா உங்களுக்குத்தான கெட்ட பேரு? எங்களுக்காவ வெயில்ல அலையறீங்க. உங்க மானம் போவக்கூடாது மேடம்."

அவருடைய ஒரே போகம் கண் முன்னால் கருகுகிறது, அவர் என் மானத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். இன்னும் கொஞ்சம் கத்தினேன். அவர் வீட்டுக்குப் போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். மோரைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் கத்த முடியும்?

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவரைப் பேச வைத்தேன். பங்குனி பிறந்ததிலிருந்தே கிணறு இறங்கிவிட்டதாம். முதல் மூன்று பேர் இறைத்து முடிக்கும்போது தண்ணீர் அடியைத் தொட்டுவிடும். நாலாவது ஆளுக்குப் பாதி. இவர் போடும்போது பத்து நிமிஷம் கலங்கலாக வரும், பிறகு காற்று.

"இதுக்கு முன்னால வெயில் காலத்துல எப்படித்தான் இறைச்சீங்க?"

"கல்லு பாத்துத்தான்."

"எந்தக் கல்லு?"

கிணற்றடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். உள்சுவரில், பாதி ஆழத்துக்குக் கீழே, ஒரு கல் மட்டும் சாண் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முறைக்கல் என்றார். ஒருவர் இறைக்க ஆரம்பித்தால் அடி தெரியும்வரை அவருடைய தண்ணீர். பிறகு மோட்டாரை நிறுத்திவிடுவார்கள். ஊற்று ஊறி, தண்ணீர் அந்தக் கல்லைத் தொட்ட பிறகுதான் அடுத்த ஆள் மோட்டார் போடலாம். ஐப்பசியில் அதற்கு ஒரு மணி நேரம் போதும், பங்குனியில் ஒரு நாளே ஆகும். ஆனால் யார் இறைத்தாலும் கல் வரைக்கும் ஒரு கிணறு தண்ணீர், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஐந்து பேருக்கும் முறை சுற்றி வர ஐந்து நாள். மல்லாட்டைக்கு ஐந்து நாளுக்கு ஒருமுறை நன்றாக நனைந்தால் போதும் என்பது எனக்கே தெரியும். நான் படித்த படிப்பில் முதல் வருடப் பாடம் அது.

"அப்ப நாங்க கேட்டப்ப ரெண்டு மணி, மூணு மணின்னு ஏன் சொன்னீங்க எல்லாரும்?"

"நீங்க மணி கேட்டீங்க. கல்லுக்கு அந்தப் பாரத்துல எடமே இல்லியே. வந்தவங்க கேக்கறாங்க, தெரியாதுன்னா நல்லா இருக்காதுன்னு ஆளுக்கு ஒண்ணு சொன்னோம்."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எத்தனை கூட்டத்தில் நானே மேடையேறிச் சொல்லியிருப்பேன். கிணற்றுக்குள் அந்தக் கல் நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறது, ஒருநாளும் நான் எட்டிப் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு ஐந்து பேரையும் கிணற்றடிக்கு வரச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "நான் போட்ட நேரம் தப்பு. இனிமே கல்லு பாத்தே இறைங்க" என்றேன். முதல் பங்குக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யானைக்கும் அடி சறுக்கும் மேடம். வுடுங்க" என்றார்.

அக்காவின் கணவருடைய அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "போர்டுல எழுதி வெச்சிட்டு இப்ப மாத்தணும்னா எப்படி? ஆளாளுக்கு மாத்திக்கினு இருந்தா பெரிய பேஜாரா பூடும். எழுதினது எழுதினதுதான்." அவருக்கு ஏழே கால் தண்ணீர். கிணறு நிறைய இருக்கும் நேரம். ஐந்து பேரில் அவர் பயிர்தான் முதல்தரம்.

அவரோடு சண்டை போட வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன், என் வாழ்க்கையில் அது அபூர்வம். "சரிங்க. உங்க நெலத்துல ஒரு செடி புடுங்கிக்கினு வாங்க" என்றேன். போய்ப் பிடுங்கி வந்தார். நான் அக்காவின் நிலத்து நடுவிலிருந்து ஒன்று பிடுங்கி வந்தேன். கொட்டகை சிமெண்டுத் தரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் செடியில் பூவிலிருந்து கிளம்பிய விழுதுகள் மண்ணுக்குள் இறங்கி நுனியில் பிஞ்சு திரண்டிருந்தது. அக்காவின் செடியிலும் பூத்திருக்கிறது, விழுது விட்டிருக்கிறது. ஆனால் கீழே இறங்கிய விழுதில் பாதி மண்ணுக்குள் போக முடியாமல் முனை கருகி நின்றது. மண் அவ்வளவு இறுகிப்போயிருந்தது.

அவர் குந்தி உட்கார்ந்தார். தம்பி நிலத்துச் செடியை எடுத்துக் கருகிய விழுதுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். விவசாயிக்கு அதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. எழுந்து போய்த் தன் குழாய் வால்வை அடைத்தார். அக்காவின் வால்வைத் திறந்து வைத்தார்.

"கல்லுக்கு ஏறட்டும்" என்றார், யாரையும் பார்க்காமல். "மொத தண்ணி அது பாச்சிக்கட்டும். காய் புடிக்கிற நேரம்."

மறுநாளே எனக்குப் போன் வந்தது, தண்ணீர் கல்லைத் தொட்டுவிட்டது, அக்கா நிலம் நனைகிறது என்று. ஆனால் நான் புதன்கிழமை மாலையே என் பங்கை முடித்திருந்தேன். முதல் பங்குக்காரர் வீட்டில் பொங்கலுக்கு அடித்து மிஞ்சிய சுண்ணாம்பு இருந்தது. வாங்கிக் கரைத்து, போர்டு முழுவதையும் நானே அடித்தேன். புடவையெல்லாம் சுண்ணாம்பு. நீலம் லேசாகத் தெரிந்தது, இரண்டாவது தடவையும் அடித்தேன்.

வியாழக்கிழமை மேலதிகாரிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அவர், "வெள்ளிக்கிழமை முடியட்டும்மா. அவங்க போன அப்புறம் அழிச்சிருக்கலாமே. ஒரு நாளைக்குத் திரும்ப எழுதி வெச்சா என்ன?" என்றார். "எழுத மாட்டேன் சார்" என்றேன். இரண்டு முறை கேட்டார், இரண்டு முறையும் அதையே சொன்னேன். அன்று நான் இருந்த கோபத்தில் வீட்டில் யாரும் என் பக்கத்தில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். தமிழ் தெரியாதவர்கள், நான்தான் இரண்டு பக்கமும் மொழிபெயர்க்க வேண்டும். வெள்ளைச் சுவரைப் பார்த்தார்கள், கிணற்றைப் பார்த்தார்கள். அவர்களில் தலை நரைத்த ஒரு அம்மா நேராக அக்காவிடம் போய், "இந்தத் திட்டம் உங்களுக்கு நன்றாக இருந்ததா?" என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். மேலதிகாரி எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அக்கா என்னைப் பார்த்தார். இன்னா சொல்லட்டும் என்று அந்தப் பார்வையிலேயே இருந்தது. வாயில் அந்த "நல்லா இருக்குது" வந்து நிற்பதும் எனக்குத் தெரிந்தது.

"உள்ளத சொல்லுங்கக்கா" என்றேன்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "நல்லா இல்லீங்க" என்றார். "தெளிப்பான் நல்லாத்தான் கீது. ஆனா மேடம் எங்க வழக்கத்த கேக்காம நேரம் போட்டுட்டாங்க. நாங்களும் வாயத் தொறந்து சொல்லல. கடைசி ஆளுக்குத் தண்ணி இல்ல. என் பயிரு பாதி போச்சு. இப்ப கல்லு பாத்து இறைக்கறோம். வெளஞ்சப்புறம் தான் நல்லா இருக்குதுன்னு சொல்லுவேன். இப்ப சொல்ல மாட்டேன்."

ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். மேடம் எங்க வழக்கத்த கேக்காம நேரம் போட்டுட்டாங்க என்பதையும். மேலதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கிணற்றுச் சுவரைப் பிடித்து எட்டி, அந்தக் கல் எது என்று கேட்டார். ஐந்து பங்குக்காரர்களும் ஒரே சமயத்தில் கையை நீட்டினார்கள். அப்போது எனக்கு வந்த பெருமை, என் பிள்ளை முதல் மார்க் வாங்கியபோதுகூட வரவில்லை. வெளியாட்கள் முன்னால் என்னைக் குறை சொன்ன ஒருவரைப் பார்த்து நான் பூரித்துப் போய் நின்றேன்.

பிறகு மேலதிகாரி எல்லா ஊர்களிலும் படிவத்தை மாற்றச் சொன்னார். மணிக்கணக்கு கேட்கும் இடத்தில் இப்போது, "கிணற்றில் முறையை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி இருக்கிறது. கீழே எழுத அரைப்பக்கம் இடமும் விட்டிருக்கிறோம்.

சித்திரை கடைசியில் ஒரு காலை, விழுப்புரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அக்காவிடமிருந்து போன்.

"மேடம், நல்லா இருக்குது."

அந்த வார்த்தையை நம்பி ஒருமுறை ஏமாந்தவள் நான். ஆபீஸுக்குள் போகாமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராகப் போனேன். அறுவடைக்கு ஆட்கள் இறங்கியிருந்தார்கள். அக்காவின் கணவருடைய அண்ணனும் அவர்களோடு குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தார். அக்கா வரப்பில் நின்று, "நம்பலியா? ஆபீசுக்குப் போவாம வந்துட்டீங்க?" என்றார்.

"நம்பல" என்றேன்.

சாலையோரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நிலத்தின் நடுவுக்குப் போனேன், அன்று நான் செடி பிடுங்கிய இடத்துக்கு. ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்ததும் மண்ணோடு வந்தது. உதறினேன். செடியின் ஒரு பாதியில் ஒன்றும் இல்லை, அது கருகிப்போன விழுதுகளின் பக்கம். தண்ணீர் வந்த பிறகு இறங்கிய விழுதுகள் இருந்த மறுபாதியில் காய் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. ஒன்றை உடைத்தேன். இரண்டு பருப்பும் ஓட்டை முட்டிக்கொண்டு இருந்தன.

"மாமா பயிரு அளவுக்கு இல்ல. ஆனா வெளஞ்சிடுச்சி" என்றார் அக்கா. "கம்பெனி வண்டிக்காரரு நேத்து வூட்டாண்ட வந்து கேட்டாரு. நான் வர்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

உடைத்த காயை அங்கேயே நின்று தின்றேன்.